கடல் கடந்து வந்த சித்திமார்
(குழந்தைகள் இல்லங்களில் அயல்நாட்டுத் தொண்டர்கள் – ஓர் ஆய்வு)

இரண்டாமாண்டு, இளம் அறிவியல்

முன்னுரை

அண்ணாமலையை வலம் வரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தில் அமைந்துள்ள சிற்றூர் அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேசுவரர் கோயிலாலும் மாணிக்கவாசகர் கோயிலாலும் பெயர் பெற்ற இவ்வூர், அடியேன் பிறந்த ஊருமாகும். பௌர்ணமி தோறும் இலட்சக்கணக்கானோர் எம் ஊரைக் கடந்து செல்கின்றனர். அவர்கள் ஓர் இரவில் கடந்து போவோர். ஆனால் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் வேறொரு கூட்டமும் எம் பகுதியில் உண்டு. அவர்களே வெளிநாட்டவர்.

1896-ஆம் ஆண்டு இம்மலைக்கு வந்து 1950-இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த ரமண மகரிஷியின் புகழ் கேட்டு வந்தோர் வழியாகவே இத்தொடர்பு வளர்ந்தது. தியானம் செய்ய வந்தவர்களுள் சிலர் தெருவில் திரியும் குழந்தைகளைக் கண்டு மனமிரங்கி, பள்ளி, மருத்துவமனை, குழந்தைகள் இல்லம் ஆகியவற்றில் தொண்டு புரியத் தொடங்கினர். வேறு சிலர் தொண்டு செய்வதற்கென்றே வந்தனர்.

பிறந்த நாட்டையும் தாய்மொழியையும் விட்டு, பிறர் பெற்ற குழந்தைகளுக்காக அயல்நாட்டில் வாழ்வது எளிய செயலன்று. அதனைப் போற்றுவது நம் கடமை. ஆயினும் போற்றுதல் மட்டும் ஆய்வாகாது. இவ்வாறு வந்தவர்கள் எப்படி வாழ்ந்தனர்? எதனால் வென்றனர்? இன்று அந்தத் தொண்டு குழந்தைக்கு நன்மை தருகிறதா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியத்தில் ஒரு முன்னோடி

ஆதரவற்ற குழந்தையின் கதையும், அயல்நாட்டுத் தொண்டின் கதையும் ஒருங்கே அமைந்த காப்பியம் ஒன்று தமிழில் உண்டு. அதுவே மணிமேகலை. அதில் வரும் ஆபுத்திரன் பிறந்தவுடனேயே தாயால் கைவிடப்பட்டவன். ஏழு நாட்கள் ஒரு பசு அவனுக்குப் பால் சுரந்து காத்தது. பின்னர் ஓர் அந்தணர் எடுத்து வளர்த்தார். வேள்விக்குக் கட்டப்பட்டிருந்த பசுவை விடுவித்ததால் ஊராரால் துரத்தப்பட்டு மதுரையை அடைந்தான். அங்கே பிச்சையெடுத்த உணவைக் கண் தெரியாதவர்க்கும், காது கேளாதவர்க்கும், கால் முடமானவர்க்கும், ஆதரவற்றோர்க்கும் கொடுத்த பின்னரே தான் உண்டான். அவனது அருளுள்ளம் கண்டு சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை அளித்தாள்.

பின்னர் நாட்டில் மழை பெய்து வளம் பெருகியது. உணவு கேட்டு வருவார் எவருமில்லை. பாத்திரம் பயனற்றுப் போனதே என்று வருந்திய ஆபுத்திரன், சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்வியுற்றுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியபோது, அவனை விட்டுவிட்டுக் கப்பல் சென்றுவிட்டது. தனித்து நின்ற அவன், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தான்.

கடல் கடந்து பசி தீர்க்கச் செல்லும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று என்பதை இக்கதை காட்டுகிறது. இதில் மற்றொரு கருத்தும் அடங்கியுள்ளது. பசித்தவர் இல்லாத நாட்டில் கொடுப்பவனுக்கு வேலையில்லை. ஊரார் பசி தீர்ந்ததே என்று மகிழ்வதா, என் பாத்திரம் வெறுமனே இருக்கிறதே என்று வருந்துவதா? தொண்டு செய்யும் ஒவ்வொருவர் முன்னும் நிற்கும் சோதனை இது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் செல்வோம்.

டோனாவூர் கண்ட வரலாறு

தமிழ்நாட்டில் குழந்தைகளுக்காக வாழ்ந்த அயல்நாட்டவருள் முதலில் எண்ணத்தக்கவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-இல் வட அயர்லாந்தின் மில்லைல் என்னும் சிற்றூரில் பிறந்தார். உடன்பிறந்தோர் எழுவருள் மூத்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். பெல்பாஸ்ட் நகரில் ஆலைத் தொழிலாளிப் பெண்களிடையே பணியாற்றினார். 1893-இல் சமயப் பணியாளராக ஜப்பானுக்குச் சென்றார். உடல்நலக் குறைவால் சுமார் பதினைந்து மாதங்களில் அப்பணி முடிந்தது. 1895-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அதன்பின் 1951 ஜனவரி 18-இல் மறையும்வரை, ஏறத்தாழ 55 ஆண்டுகள், ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை.

வந்தவுடன் அவர் இல்லம் எதையும் தொடங்கவில்லை. திருநெல்வேலிச் சீமையில் தங்கித் தமிழ் கற்றார். கிராமம் கிராமமாக மாட்டு வண்டியில் சென்றார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னரே, 1901 மார்ச் மாதத்தில், பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி கோயில் பணிக்கென ஒப்படைக்கப்பட்டிருந்த வீட்டிலிருந்து தப்பி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். தேவதாசி முறைக்குச் சிறுமியர் ஒப்படைக்கப்படும் கொடுமையை அம்மையார் அக்குழந்தையின் வாயிலாகவே முழுமையாக அறிந்தார். அவர் தேடிச் சென்ற பணியன்று அது. அவரைத் தேடி வந்த பணி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள டோனாவூரில் அவரது இல்லம் வளர்ந்தது. 1913-க்குள் அங்கு 130 குழந்தைகள் இருந்தனர். 1918-இல் ஆண் குழந்தைகளுக்கும் இடமளிக்கப்பட்டது. 1927-இல் டோனாவூர் ஐக்கியம் என்ற அமைப்பு உருவாயிற்று.

இப்பணி மலர்ப் பாதையாக இருக்கவில்லை. குழந்தைகளைக் கடத்துகிறார் என்ற பழியும், நீதிமன்ற வழக்குகளும் வந்தன. தாய்ப்பால் இன்றி வந்த கைக்குழந்தைகள் பல நோயுற்று மாண்டன. 1931-இல் கீழே விழுந்து அடிபட்ட அம்மையார், எஞ்சிய இருபது ஆண்டுகளைப் பெரும்பாலும் படுக்கை அறையிலேயே கழித்தார். அங்கிருந்தே நூல்கள் எழுதினார், குழந்தைகளைச் சந்தித்தார். தம் கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று கூறியிருந்ததால், குழந்தைகள் அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்றை வைத்து, 'அம்மை' என்ற பொருள்படும் ஒற்றைச் சொல்லை மட்டும் பொறித்தனர்.

சித்தி, அக்காள், அண்ணாச்சி

அம்மையாரின் சமயக் கொள்கையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் உரிமை. ஆனால் அயல்நாட்டில் வாழ்வது எப்படி என்பதற்கு டோனாவூரில் சில பாடங்கள் உள்ளன.

முதலாவது, உறவுமுறை. அங்கே பணிபுரிந்த வெளிநாட்டுப் பெண்களைக் குழந்தைகள் 'சித்தி' என்றனர். நம் நாட்டுப் பெண் பணியாளரை 'அக்காள்' என்றனர். ஆண்களை 'அண்ணாச்சி' என்றனர். திருநெல்வேலிச் சீமையின் வீட்டு மொழி அப்படியே இல்லத்து மொழியாயிற்று. 'மேடம்' என்றோ 'துரைசானி' என்றோ அழைக்கும் குழந்தை எதிரில் நிற்பவரை அதிகாரியாகக் காணும். 'சித்தி' என்றழைக்கும் குழந்தை சண்டை பிடிக்கும், அடம் பிடிக்கும், மடியில் படுத்து உறங்கும். அந்த உரிமையே வளர்ச்சிக்கு வேர்.

இரண்டாவது, குடும்ப அமைப்பு. குழந்தைகள் ஒரே பெரிய கூடத்தில் அடைக்கப்படவில்லை. சிறு சிறு குடில்களில், ஒவ்வோர் அக்காளின் பொறுப்பில் வளர்ந்தனர். பிறந்த நாள் தெரியாத குழந்தைகள் பலர் இருந்தமையால், இல்லத்துக்கு வந்து சேர்ந்த நாளையே ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடினர். கைவிடப்பட்ட நாளை வரவேற்கப்பட்ட நாளாக மாற்றிய இச்செயலின் நுட்பம் எண்ணி மகிழத்தக்கது.

மூன்றாவது, உடையும் உணவும். அம்மையாரும் உடன் பணிபுரிந்தோரும் நம் நாட்டு உடையையே அணிந்தனர்.

நான்காவது, எல்லாவற்றினும் முக்கியமானது. இந்தப் பணியை அம்மையார் தனியே செய்யவில்லை. பொன்னம்மாள் என்ற இளம் விதவை அவருக்கு வலக்கையாக விளங்கினார். நெய்யூரில் மருத்துவமனையை ஒட்டி நடந்த கைக்குழந்தைப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தியவர் அவரே. 1915-இல் புற்றுநோயால் மறைந்தார். உலகம் ஏமி அம்மையாரின் பெயரை அறிந்த அளவுக்குப் பொன்னம்மாளின் பெயரை அறியவில்லை. இரவில் விழித்திருந்து பால் புகட்டிய கைகள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கைகளே. இன்று டோனாவூர் ஐக்கியத்தை நடத்துவோர் இந்தியர்களே. வெளிநாட்டவர் சென்ற பின்னரும் பணி நிற்கவில்லை என்பதே அம்மையாரின் வெற்றிக்குச் சான்று.

அவ்வை இல்லம்

அயல்நாட்டவர் வந்துதான் நம் குழந்தைகளைக் காக்க வேண்டுமா என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு விடையாக விளங்குபவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று, சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவராகவும் திகழ்ந்தவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் சட்டமன்றத்தில் குரலெழுப்பியபோது, அம்முறையிலிருந்து தப்பிய சிறுமியர் அவர் வீட்டை நாடி வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் முன்வரவில்லை. தம் வீட்டிலேயே இடமளித்தார். 1930-களின் தொடக்கத்தில் சென்னையில் அவ்வை இல்லம் இவ்வாறுதான் பிறந்தது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல் நிறைவேறியது.

டோனாவூரையும் அவ்வை இல்லத்தையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். அயலவர் குழந்தைக்கு அடைக்கலம் தந்தார். மண்ணின் மகளோ அடைக்கலமும் தந்தார். அக்குழந்தையை அகதியாக்கிய வழக்கத்தையே சட்டத்தால் வீழ்த்தவும் முன்னின்றார். வெள்ளத்தில் மிதந்து வரும் பிள்ளையைக் கரையேற்றுவோரும் வேண்டும். ஆற்றின் மேற்புறம் சென்று உடைப்பை அடைப்போரும் வேண்டும். இரண்டாவது பணியை அந்நாட்டுக் குடிமக்களே செய்ய முடியும்.

நம் ஊரில் ஒரு செவிலியர்

திருவண்ணாமலைக்கே உரிய சான்று ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த செவிலியரான சில்வியா ரைட் அம்மையார், 1982-இல் தம் பணியைத் துறந்து, வீட்டையும் காரையும் விற்றுவிட்டு இங்கு வந்தார். கிராமங்களுக்குச் சென்று மருத்துவம் பார்ப்பதில் தொடங்கிய அவரது பணி, ரங்கம்மாள் மருத்துவமனையாகவும், காது கேளாத குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளியாகவும், ஊனமுற்ற குழந்தைகளின் பகல்நேரக் காப்பகமாகவும், செவிலியர் கல்வி நிறுவனமாகவும் விரிந்தது.

இங்கும் இரண்டு செய்திகள் ஊன்றிக் கவனிக்கத்தக்கன. அவர் வெறும் இரக்கத்தோடு மட்டும் வரவில்லை, கைத்திறமையோடு வந்தார். செவிலியம் அவர் முறையாகக் கற்ற தொழில். அடுத்து, தாம் ஒருவரே நூறு பேருக்கு மருந்து கட்டுவதைவிட, நம் ஊர்ப் பெண்களைச் செவிலியராக்கினால் ஆயிரக்கணக்கானோர்க்குப் பயன்படும் என்பதை உணர்ந்து செயல்பட்டார். காது கேளாத குழந்தை உறைவிடப் பள்ளியில் தங்குவதற்கும், வறுமையால் ஒரு குழந்தை இல்லத்தில் தங்குவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதில், வீட்டில் கிடைக்காத சிறப்புக் கல்வி கிடைக்கிறது. பின்னதில், வீட்டிலேயே கொடுத்திருக்கக்கூடிய சோறு வேறிடத்தில் கொடுக்கப்படுகிறது. இவ்வேறுபாட்டைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

தனியாள் தொண்டிலிருந்து அமைப்புத் தொண்டுக்கு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அயல்நாட்டுத் தொண்டு புதிய வடிவம் பெற்றது. 1958-இல் பிரிட்டனில் அலெக் டிக்சன் என்பவர் கடல்கடந்த தன்னார்வத் தொண்டு அமைப்பைத் தொடங்கினார். முதலில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களே அனுப்பப்பட்டனர். அனுபவத்தில், தொழிற்பயிற்சி பெற்றவர்களே அதிகம் பயன்படுவர் என்று கண்டு, பின்னர் அத்தகையோரையே அனுப்பலாயினர். 1961-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி அமைதிப் படையை நிறுவினார். அதன் தொண்டர்களுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் மொழியும் பழக்கவழக்கமும் கற்பித்த பின், இரண்டாண்டுப் பணி தருவது வழக்கம். 1976 வரை அத்தொண்டர்கள் இந்தியாவிலும் கோழிப்பண்ணை, வேளாண்மை, ஊட்டச்சத்து முதலிய துறைகளில் பணியாற்றினர்.

விமானப் பயணம் எளிதான பின், தொண்டும் ஒருவகைச் சுற்றுலாவாயிற்று. இரண்டு வாரம் கடற்கரை, இரண்டு வாரம் அநாதை இல்லம் என்ற திட்டத்தில் பணம் கட்டி வருவோர் பெருகினர். கம்போடியா, நேபாளம் முதலிய நாடுகளில் வெளிநாட்டுப் பணத்தைக் கருதியே பெற்றோர் உள்ள குழந்தைகளை இல்லங்களில் சேர்த்து 'அநாதை' எனக் காட்டும் கேடும் நேர்ந்தது. கொடுப்பவர் வந்துகொண்டே இருக்க வேண்டுமாயின் பசித்தவரும் இருந்துகொண்டே இருக்க வேண்டுமல்லவா? ஆபுத்திரன் முன் நின்ற சோதனை இங்கே வாணிபமாக வளர்ந்துவிட்டது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், இல்லங்களில் இத்தகைய தொண்டுச் சுற்றுலாவால் விளையும் தீங்குகளைத் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

அறிவியல் கூறுவது என்ன?

அறிவியல் மாணவன் என்ற முறையில் இப்பகுதியைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

1958-இல் ஹாரி ஹார்லோ என்னும் அமெரிக்க உளவியலறிஞர், தாயைப் பிரிந்த குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களைத் தந்து நடத்திய சோதனைகளை விளக்கினார். ஒன்று கம்பியால் ஆனது; அதில் பால் புட்டி இருந்தது. மற்றொன்று மென்துணி போர்த்தியது. அதில் பால் இல்லை. குட்டிகள் பால் குடிக்க மட்டும் கம்பித் தாயிடம் சென்றன. எஞ்சிய நேரமெல்லாம் துணித் தாயையே தழுவிக் கிடந்தன. உணவு தருபவரே தாய் என்ற கருத்து இதனால் ஆட்டம் கண்டது. இதற்கு முன்னரே, 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி அளித்த அறிக்கை, தாயோ தாய் போன்ற ஒருவரோ தொடர்ந்து உடனிருந்து காட்டும் அன்பு, குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்று எடுத்துரைத்திருந்தது.

மனிதக் குழந்தைகளிடம் இதனைத் தெளிவாகக் காட்டியது ருமேனிய நாட்டு ஆய்வு. 1989 டிசம்பரில் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபோது, அந்நாட்டு இல்லங்களில் பல்லாயிரம் குழந்தைகள் கவனிப்பாரற்றுக் கிடப்பதை உலகம் கண்டது. 2000-ஆம் ஆண்டு புகாரெஸ்ட் நகரில் தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். குடும்பத்தில் வளர்ந்த குழந்தைகள் அறிவுத்திறனிலும் உறவுப் பிணைப்பிலும் முன்னேறினர். அதிலும் இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களே மிகுந்த பயன் பெற்றனர். நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பறித்து நடுவதற்குப் பருவம் இருப்பதுபோல, குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் பருவம் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

இனி, நம் பொருளுக்கு வருவோம். ஓர் இல்லத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய தொண்டர் ஒருவர் வருகிறார் எனக் கொள்வோம். ஒவ்வொருவரும் அன்பு மிக்கவர், கதை சொல்பவர், கட்டி அணைப்பவர். ஓர் ஆண்டில் நால்வர், பத்தாண்டில் நாற்பதின்மர். தொண்டருக்கு அது ஒரே ஒரு பிரிவு. குழந்தைக்கோ நாற்பது பிரிவுகள். அன்பு குறைவாகக் கிடைத்ததால் மட்டும் குழந்தை வாடுவதில்லை. கிடைத்த அன்பு மீண்டும் மீண்டும் அறுபடுவதாலும் வாடுகிறது.

எம் தெருவைச் சேர்ந்த ஒருவர், இன்று மின்பணியாளராக நல்ல நிலையில் உள்ளவர், சிறுவயதில் வெளியூர் இல்லம் ஒன்றில் வளர்ந்தவர். அங்கே உணவும் கல்வியும் குறைவின்றிக் கிடைத்தன என்று நன்றியோடு கூறுவார். வெளிநாட்டுத் தொண்டர்களைப் பற்றிக் கேட்டபோது, "மொதல்ல வந்த அக்கா போனப்ப ரெண்டு நாள் சாப்பிடல தம்பி. மூணாவது அக்காவுக்கு அப்புறம் யாரு பேரையும் கேட்டுக்கறதில்ல. எப்படியும் போகத்தானே போறாங்க?" என்றார். பௌல்பியின் அறிக்கை விரித்துரைத்ததை அவர் மூன்றே வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

இல்லமா, வீடா?

இல்லங்களில் உள்ள குழந்தைகள் அனைவரும் தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் என்று நாம் எண்ணுகிறோம். அது சரியன்று. உலகெங்கும் இல்லங்களில் வளரும் குழந்தைகளுள் பெரும்பாலோர்க்குப் பெற்றோருள் ஒருவராவது உயிருடன் உள்ளனர். அவர்களை இல்லத்துக்கு அனுப்புவது பெரும்பாலும் வறுமையே.

இதனை அடியேன் ஏட்டில் மட்டும் படித்து அறியவில்லை. எனக்கு ஒன்பது வயதானபோது என் தந்தை காலமானார். என்னையும் தங்கையையும் எங்காவது ஓர் இல்லத்தில் விட்டுவிடுமாறு உறவினர் பலர் என் தாய்க்கு அறிவுரை கூறினர். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கூறினர். மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. களை பறித்தும் கதிர் அறுத்தும் கூலி பெற்றுவந்த என் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. "மத்தியானம் பள்ளிக்கூடத்துல சோறு போட்றாங்க. ராத்திரிக்கு நான் பாத்துக்கறேன். புள்ளைங்க எங்கூடவே கெடக்கட்டும்" என்று கூறிவிட்டார். 1982 ஜூலை முதல் நாளில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தை நாம் பள்ளி வருகையைப் பெருக்கிய திட்டமாகவே பேசுகிறோம். தாயையும் பிள்ளையையும் பிரியாமல் காத்த திட்டம் என்றும் அதனைச் சொல்ல வேண்டும். எம் குலத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் இக்கட்டுரையை எழுதுவதற்கு, அந்த ஒருவேளைச் சோறும் ஒரு காரணம்.

இன்றைய சட்டமும் இக்கருத்தையே வலியுறுத்துகிறது. ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது. ஆதரவற்ற குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். இல்லம் நடத்துவோர் பதிவு செய்தாக வேண்டும். பதிவின்றி நடத்துவது தண்டனைக்குரிய குற்றம். தாயோடோ உறவினரோடோ வாழும் ஏழைக் குழந்தைக்கு, 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின்கீழ், தகுதியிருப்பின் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு பெற வழியுண்டு. இச்செய்தி தெரியாமலேயே பிள்ளையை இல்லத்தில் விட்டுவிடும் தாய்மார் இன்னும் பலர். சட்டம் அரசிதழில் இருக்கிறது; அது திண்ணைக்கு வந்து சேரவில்லை.

நீண்டகாலத் தொண்டர்க்குரிய இலக்கணம்

அப்படியாயின் அயல்நாட்டுத் தொண்டரே வேண்டாமா? அவ்வாறு கூறுவது நன்றி கொன்ற செயலாகும். வீடே இல்லாத குழந்தைகளும், வீட்டில் இருக்கவே கூடாத குழந்தைகளும் உள்ளவரை இல்லங்கள் இருக்கும். அங்கே நல்லோர் வரவும் வேண்டும். எத்தகையோர் வர வேண்டும் என்பதே வினா. இதுகாறும் கண்ட சான்றுகளிலிருந்து பின்வரும் இலக்கணத்தை வகுக்கலாம்.

1. மொழி முதலில், பணி பின்னர். 'வயிறு வலிக்குது' என்று குழந்தை சொல்வது புரியாதவர் அதனைக் காக்க இயலாது. 'பயமா இருக்கு' என்று அது சொல்லாமல் சொல்வது புரிய இன்னும் பல மாதங்கள் ஆகும்.

2. கால அளவு. வாரங்கள் போதா. ஆண்டுகள் வேண்டும். புறப்படும் நாளைக் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். சென்ற பின்னரும் சொன்ன சொல் தவறாமல் கடிதம் எழுத வேண்டும்.

3. கைத்தொழில். செவிலியம், பேச்சுப் பயிற்சி, கணக்கு வைத்தல், உடற்பயிற்சி மருத்துவம் என ஏதேனும் ஒன்றைக் கற்றவராக வர வேண்டும். அதனை நம் ஊரார்க்குக் கற்றுத் தர வேண்டும்.

4. தாயின் இடத்தைத் தாம் பிடிக்காமை. குளிப்பாட்டுதலும், ஊட்டுதலும், உறங்கவைத்தலும் நிலையாக உடனிருக்கும் ஊர் அக்காவின் உரிமையாக இருக்கட்டும். தொண்டர் அந்த அக்காவின் சுமையைக் குறைக்கட்டும். அவரது ஊதியம் உயர வழி தேடட்டும். ஆயாக்களை மதிக்கும் இல்லமே குழந்தைகளை மதிக்கும் இல்லம்.

5. சட்டத்துக்கு உட்படுதல். சுற்றுலா விசாவில் வந்து ஆண்டுக்கணக்கில் பணி செய்ய இயலாது; அதற்குரிய விசா பெற வேண்டும். நன்னடத்தைச் சான்று கேட்டால் சினம் கொள்ளலாகாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் எவர்க்கும் பொதுவானது. வெள்ளைத் தோல் நன்னடத்தைச் சான்று ஆகாது என்பதை இல்லம் நடத்துவோரும் உணர வேண்டும்.

6. புகைப்படம். குழந்தையின் வறுமை எவருடைய நினைவுப் பொருளும் அன்று.

மாணவ நண்பர்களுக்கு

இவ்விலக்கணம் வெளிநாட்டவர்க்கு மட்டும் உரியதன்று. நாமும் சுற்றுலாத் தொண்டர்களாகவே நடந்துகொள்கிறோம். பிறந்தநாள் என்றால் கேக்கும் பிரியாணியும் எடுத்துக்கொண்டு இல்லத்துக்குச் செல்கிறோம். குழந்தைகள் வரிசையில் நின்று, அறியாத ஒருவருக்கு வாழ்த்துப் பாடிவிட்டு உண்கின்றனர். தம் பிறந்த நாளே தெரியாத பிள்ளைகளும் அவ்வரிசையில் உண்டு. டோனாவூர்க் குழந்தைகளுக்கு அவர்கள் வந்த நாள் விழாவாயிற்று. நாமோ நம் பிறந்த நாளை அவர்களுக்கு விழாவாக்கிவிட்டுத் திரும்புகிறோம்.

1969 செப்டம்பர் 24-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டாண்டுகள் தொண்டு புரிய வழிவகுத்துள்ளது. அந்த 240 மணி நேரத்தைப் பத்து இடங்களில் சிதறடிக்காமல், ஒரே இடத்தில், ஒரே மாணவர், அதே குழந்தைகளுக்கு, வாரம் இரண்டு மணி நேரம் கணக்கும் அறிவியலும் கற்பித்தால் எத்துணைப் பயன் விளையும்! ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வருவேன் என்று சொன்னவர் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வருவதே அக்குழந்தைகளுக்கு நாம் நடத்தக்கூடிய முதல் பாடம். இது முடியாதோர் தம் தெருவில், கணவனை இழந்த ஒரு தாய்க்கு நிதி ஆதரவு விண்ணப்பத்தை எழுதித் தரலாம். அந்த ஒரு விண்ணப்பம் ஒரு பிள்ளையை வீட்டிலேயே நிறுத்தக்கூடும். இடரில் உள்ள குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம். இவற்றுக்கு விசா வேண்டியதில்லை. தமிழ் கற்கவும் வேண்டியதில்லை. அயல்நாட்டவர் பல ஆண்டு உழைத்துப் பெறும் தகுதி நமக்குப் பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது.

முடிவுரை

கடல் கடந்து வந்து நம் குழந்தைகளின் சித்திமாராகத் தங்கிவிட்ட பெருமக்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். அவர்களுள் நிலைத்த பயன் தந்தவர்கள், நீண்ட நாள் தங்கியவர்கள், நம் மொழியைக் கற்றவர்கள், தம் வேலையை நம் கைகளில் ஒப்படைக்கத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி, மாலையும் பொன்னாடையும் அன்று. இல்லத்தை நாடி வரும் குழந்தைகளின் தொகை ஆண்டுதோறும் குறையும்படி செய்வதே உண்மையான நன்றி.

அமுதசுரபி ஒருநாள் வெறுமனே இருக்க நேருமானால், அந்நாள் துயர நாளன்று. அது ஊரார் அனைவர் வீட்டிலும் உலை கொதிக்கும் நாள். அந்நாளை நோக்கி உழைப்போமாக!